போனா, கமராவா, வெறுங்கையா? றொக் கச்சேரிக்குப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு

"அண்ணை, ரிக்கெற் எடுத்தாச்சு. போன் காணுமோ, இல்லாட்டி ஆரிட்டையும் கமரா கேக்கவோ?"

கடந்த இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தது. முதல் ஆள் கம்பசில் படிக்கிற பிள்ளை. இரண்டாவது, கொக்குவிலில் இருக்கும் என் மச்சான். சுவிசிலிருந்து தமையன் அனுப்பிய காசை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். மூன்றாவது ஒரு அம்மா. "மகன் கமரா வேணுமெண்டு ஒற்றைக்காலில நிக்கிறான் தம்பி, உது தேவையோ?" என்று கேட்டார். மூவருக்கும் மூன்று விடை. தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

நான் தொழில்முறைப் படப்பிடிப்பாளன் இல்லை. எங்கள் ஊர்ப் பெடியள் ஐந்து பேரின் இசைக்குழு ஒன்றுக்குப் பின்னால் பதினொரு வருடம் கமராவோடு அலைந்த இரசிகன், அவ்வளவுதான். கோயில் திருவிழாவில் இரண்டு மணித்தியாலம் சினிமாப் பாட்டு வாசித்துவிட்டு, சனம் எழும்பிப் போகத் தொடங்கும் கடைசிக் கால் மணித்தியாலத்தில் தங்கள் சொந்த றொக் பாட்டுகளை அவிழ்த்துவிடுவார்கள். அந்தக் கால் மணித்தியாலத்துக்காகத்தான் நான் போவேன். குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்கள் நல்லவர்களா, போன வருடம் ட்ரம்ஸ்காரர் ஏன் மாறினார் என்று கதை வேறு பக்கம் போய்விடும்.

முதலில் எதைப் பார்த்து முடிவெடுப்பது

கமராக் கடையில் மெகாபிக்சல் கேட்பதற்கு முன் உங்களை நீங்களே கேட்க வேண்டியவை வேறு.

எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறீர்கள்? இதுதான் முதல் கேள்வி. 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் இலவசமாக நிகழ்ச்சி நடத்தியது போன்ற ஒரு கூட்டத்தில், முன்வரிசை அனுமதி இல்லாத ஆளுக்கு மேடை என்பது தூரத்தில் தெரியும் ஒரு தீப்பெட்டி. வீரசிங்கம் மண்டபத்திலோ பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கத்திலோ அப்படியில்லை. நடுக் கதிரையில் இருந்தாலே முகம் தெரியும். கோயில் வீதியில் என்றால் மேடைக் கம்பைப் பிடித்துக்கொண்டே நிற்கலாம்.

அடுத்தது வெளிச்சம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். மேடை கண்ணுக்குப் பட்டப்பகல் போலத் தெரியும். கமராவுக்கு அது இருட்டு. கமராவோடு இலவசமாக வரும் சாதாரண ஜூம் லென்ஸ், முழுக்க நீட்டினால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். (எஃப் எண் சிறியதென்றால் லென்சின் வாய் அகலம்.) ஐம்பது மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எங்கள் கோயில் மேடையில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறன்) 3200 வைத்து, எஃப் 1.8 இல் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் எனக்கு 1/200 வினாடி கிடைத்தது. அதே இடத்தில் ஜூம் லென்சுக்கு 1/20 தான். 1/20 வினாடியில் பாடகர் தலையைத் திருப்பினாலே முகம் குழைந்த சோறு ஆகிவிடும். ட்ரம்ஸ்காரரின் தடியைக் கேட்கவே வேண்டாம்.

வெளிச்சத்தின் அளவு மட்டும் போதாது, குணமும் இருக்கிறது. இப்போது எல்லா மேடையிலும் எல்.ஈ.டி. விளக்குகள். நீலம் மட்டும் முகத்தில் விழுந்தால் படத்தில் மூக்கும் கன்னமும் ஒன்றாகக் கரைந்து, ஆள் பிளாஸ்ரிக் பொம்மை போல இருப்பார். இப்படிப்பட்ட படத்தை நிறம் திருத்தி மினக்கெடாதீர்கள். கறுப்பு வெள்ளையாக்கினால் பெரும்பாலும் தப்பும். மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் வேறொரு தொல்லையும் தரும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் அவை வினாடிக்கு நூறு தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் குறுக்குக் கோடாக விழும். ஷட்டரை 1/100 இல் வைத்தால் அநேகமாகக் கோடு மறையும், ஆனால் துள்ளுகிற கிற்றார்காரர் மங்குவார். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, வாசல். காசு கட்டிப் பார்க்கும் பெரிய நிகழ்ச்சிகளில் லென்ஸ் கழற்றும் கமராவை உள்ளே விடுவது அரிது. உலகம் முழுக்கப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்களுக்கே "முதல் மூன்று பாட்டு, பிளாஷ் கூடாது" என்ற வழக்கம்தான். எங்கள் திருவிழா மேடையில் நிலைமை தலைகீழ். கழுத்தில் பெரிய கமரா தொங்கினால் வீடியோக்காரர் என்று நினைத்து, "தம்பி, இஞ்சால வாரும், இதில ஏறி நில்லும்" என்று உபயகாரரே கூப்பிட்டு ஏற்றிவிடுவார். ஆகவே எந்த வாசல் என்பதை ரிக்கெற்றின் பின்பக்கத்தில் வாசித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று: எத்தனை பாட்டை இழக்கச் சம்மதம்? படம் பிடிக்கும்போது பாட்டுக் கேட்காது. காது வேலை செய்யும், மனம் செய்யாது. இதை ஒருவரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை.

போன்

கையில் ஏற்கெனவே இருக்கிறது, வாசலில் தடுக்க மாட்டார்கள், வீட்டுக்கு வரமுன்னரே படம் கனடாவுக்குப் போய்விடும். நல்ல போன் ஒன்று இன்றைக்குப் பத்து வருடத்துக்கு முந்திய சின்னக் கமராக்களை வென்றுவிடும், உண்மைதான். ஆனால் அது வெல்வது ஒரு தந்திரத்தால். இரவில் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. கோட்டை மதில் அசையாது, அதனால் வடிவாக வரும். பாடகர் அசைவார், இரண்டு காது, மூன்று மைக்கோடு வருவார். கச்சேரியில் அந்த இரவு முறையை நிறுத்திவிடுங்கள்.

போனில் செய்யக்கூடிய ஒரேயொரு பெரிய திருத்தம்: பாடகரின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, பிறகு கீழே இழுத்து இருட்டாக்குங்கள். போன் தானாக எடுத்தால் கறுத்த பின்னணியைப் பார்த்துப் பயந்து, முகத்தை வெள்ளைக் கடதாசி ஆக்கிவிடும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். தனி ஜூம் லென்ஸ் இல்லாத போனில் அது படத்தை வெட்டிப் பெருப்பிப்பதுதான், அதை வீட்டில் ஆறுதலாகச் செய்யலாம். லென்சைச் சேர்ட் நுனியால் ஒருக்கா துடையுங்கள். இது சின்ன விசயம் போல இருக்கும். மேடை விளக்கைச் சுற்றி வரும் புகைமண்டலத்தில் பாதி உங்கள் விரல் வியர்வை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று பற்றரி: ஏழு மணிக்குத் தொடங்கி வீடியோ எடுத்தால், அவர்கள் சொந்தப் பாட்டுக்கு வரும் நேரம் போன் செத்திருக்கும். மற்றது பின்னால் இருப்பவர்கள். ஒருமுறை கோயில் வீதியில் நான் போனை உயர்த்தியபடி நிற்க, பின்னால் பாயில் இருந்த ஆச்சி ஒருவர், "மோனை, உந்த லைற்றை நூத்துவிடு, சாமி காவுறமாதிரி எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நிப்பாய்?" என்றார். அதோடு எனக்கு ஒரு விதி உண்டானது: போன் என்றால் முதல் இரண்டு பாட்டு, பிறகு பொக்கற்.

வீடியோவின் ஒலியை நம்பாதீர்கள். பேஸ் கிற்றாரும் ட்ரம்சும் சேர்ந்து அடிக்கும்போது போனின் மைக் தாங்காது. வீட்டில் போட்டால் மாவரைக்கிற சத்தம் கேட்கும்.

போன் சிறந்தது எப்போது? முற்றவெளிக் கூட்டத்தில், பின்வரிசையில், நண்பர்களோடு போகும்போது. அங்கே பாடகரின் முகத்தைத் துரத்தாமல் கூட்டத்தைப் பிடியுங்கள். தோளில் ஏறிய பிள்ளைகள், ஆயிரம் போன் வெளிச்சம், தூரத்தில் சின்னதாய் மேடை. அந்தப் படம் பெரிய கமராவிலும் இதைவிட நல்லாய் வராது.

பொக்கற்றுக்குள் அடங்கும் கமரா

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ஐம்பது மடங்கு ஜூம்" என்று பெட்டியில் எழுதிய கமரா. வெளிநாட்டு உறவினர் வரும்போது கொண்டுவருவது பெரும்பாலும் இதுதான். எனக்கும் ஒன்று வந்தது. அதன் சென்சர் (உள்ளே படம் விழும் தகடு) சாதாரண போனின் அளவுதான், முழுக்க நீட்டினால் லென்ஸ் எஃப் 6.5. பகலில் நல்லூர்க் கோபுரத்துப் புறாவை எண்ணலாம். இரவு மேடையில் ஒன்றுக்கும் உதவாது.

ஆனால் ஒரு அங்குலச் சென்சர் வைத்த கமராக்கள் வேறு சாதி. சென்சரின் பரப்பு அந்த ஜூம் கமராக்களைப்போல நாலு மடங்கு. சொனி ஆர்.எக்ஸ். 100 வரிசையின் மூன்றாம் மாதிரி 2014 இல் வந்தது; லென்ஸ் எஃப் 1.8 முதல் 2.8 வரை. பழையது கிடைத்தால் இன்றைக்கும் கச்சேரிக்குப் போதும். லென்ஸ் கழறாது, சிறியது, காற்சட்டைப் பொக்கற்றில் போகும். வாசல்காரர் அநேகமாக ஒன்றும் சொல்ல மாட்டார். குறை, ஜூம் கிட்டத்தான். மண்டபத்தின் முன் பாதியில் இருக்கை கிடைப்பவருக்கு இது சரி. நான் இதை இரவல் வாங்கி இரண்டு நிகழ்ச்சிதான் பிடித்தேன், ஆகவே இதற்கு மேல் புகழ எனக்கு உரிமை இல்லை.

பழைய டி.எஸ்.எல்.ஆர்., கூடவே ஐம்பது லென்ஸ்

டி.எஸ்.எல்.ஆர். என்றால் லென்ஸ் கழற்றி மாற்றும் பெரிய கமரா. என் கதை இதுதான். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் அண்ணை ஒருவர் புதுக் கமரா வாங்கியபோது அவரது பழைய கெனன் என்னிடம் வந்தது, 2011 ஆம் ஆண்டு மாதிரி. அதோடு வந்த ஜூம் லென்சைப் போட்டுக்கொண்டு முதல் திருவிழாவுக்குப் போனேன். முந்நூறுக்கு மேல் எடுத்தேன், வீட்டில் பார்த்தால் நாலு தேறியது. அந்த நாலிலும் பாடகர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அதே அண்ணையிடம் போய் அழ, "கமரா இல்லையடா பிழை, லென்சை மாத்து" என்று தன்னுடைய ஐம்பது மில்லிமீற்றரைத் தந்தார். கெனன் அந்தச் சின்ன எஃப் 1.8 லென்சை 1987 முதல் செய்கிறது. அவர்களின் விலை குறைந்த லென்சுகளில் ஒன்று, தேங்காய்ப் பாதி அளவுதான் இருக்கும். அந்த இரவு முதன்முறையாகப் பாடகரின் கழுத்து நரம்பு படத்தில் தெரிந்தது. கிற்றார்க் கம்பியில் விரல் அமரும் இடம் தெரிந்தது. நான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த குழுவை அன்றைக்குத்தான் பார்த்தேன் போலிருந்தது.

இந்த லென்ஸ் ஜூம் ஆகாது. உங்கள் கால்தான் ஜூம். ஐந்தாறு மீற்றர் தூரத்தில் நின்று கமராவை நெடுக்காகப் பிடித்தால் ஒரு ஆள் தலை முதல் கால் வரை அளவாக வருவார். ஐம்பது மீற்றரில் நின்றால் முழு மேடையும் வரும், பாடகர் நுளம்பளவு. ஆகவே முற்றவெளியில் பின்னால் நிற்கப் போகிறவருக்கு இந்த யோசனை வேண்டாம்.

பழையது வாங்குகிறவர்கள் கவனிக்க ஒன்று. நிக்கோனின் டி 3000, டி 5000 வரிசைக் கமராக்களுக்குள் குவிய மோட்டர் இல்லை. அவற்றில் பழைய டி வகை ஐம்பது லென்சைப் போட்டால் ஓட்டோ போக்கஸ் வேலை செய்யாது. மலிவாய்க் கிடைத்ததென்று வாங்கி, இருட்டில் கையால் வளையத்தைத் திருகிக்கொண்டு நிற்கும் நண்பர் எனக்கு இருக்கிறார். லென்சுக்குள்ளேயே மோட்டர் உள்ள ஜி வகையைக் கேளுங்கள். வாங்க முன்னம் லென்சை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை. எங்கள் ஈரக்காற்றில் அலுமாரிக்குள் வைத்த லென்சுக்கு அது வராவிட்டால்தான் அதிசயம். நான் மூடி இறுகும் சோற்றுப் பெட்டிக்குள், மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன்.

பிளாஷ் போடாதீர்கள். கமராவின் தலையில் இருக்கும் பிளாஷ் சில மீற்றருக்கு மேல் போகாது. முன்வரிசைத் தலைகளை வெள்ளையடித்துவிட்டு நின்றுவிடும். பாடுகிறவரின் கண்ணையும் கூசவைக்கும். மேடையில் லேசர் விளக்கு இருந்தால் கமராவை அதற்கு நேரே திருப்பாதீர்கள், ஒரு கதிர் சென்சரில் நிரந்தரப் புள்ளி வைத்துவிடும்.

இனிப் பெரிய செலவு. ஒரு இரவில் அறுநூறு படம் எடுத்தால், அதிலிருந்து இருபதைத் தெரிய மூன்று இரவு வேண்டும். ரோ கோப்பாக (கமரா திருத்தாத மூலப்படமாக) எடுத்தால்தான் அந்த நீல முகங்களை மீட்கலாம், அதற்கு மடிக்கணினி வேண்டும். இரண்டாவது வருடத்தில் நான் அறியாமலே குழுவின் சம்பளமில்லாப் படப்பிடிப்பாளன் ஆகிவிட்டேன். "மச்சான், நாளைக்குப் போஸ்டருக்குப் படம் வேணும்" என்று இரவு பதினொன்றுக்குப் போன் வரும். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களின் மிக நல்ல பாட்டு என்று எல்லோரும் சொல்கிற ஒன்றை நான் மேடையில் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. அதில் வெளிச்சம் நல்லாய் விழும். அதனால் அந்த நேரம் நான் எப்போதும் வேலையாய் இருந்தேன்.

எப்போது இது சிறந்தது? மேடைக்குக் கிட்டப் போக முடிகிற ஆளுக்கு, ஒரே குழுவைத் திரும்பத் திரும்பப் பிடிக்கப் போகிற ஆளுக்கு. ஒரு கச்சேரிக்காக வாங்குவது வீண்.

பிலிம்

ஆசைப்படுகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் சொல்கிறேன். ஒரு சுருளில் 36 படம். கொடாக் ட்ரை-எக்ஸ் போன்ற 400 வேக (பிலிமில் ஐ.எஸ்.ஓ. இதுதான்) கறுப்பு வெள்ளைச் சுருளை 1600 ஆக நினைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டிக்கொள்வது பழைய வழி. மணல் மணலாக வரும், அதுவே அழகு. யாழ்ப்பாணத்தில் எனக்குப் பழக்கமான ஸ்ரூடியோக்காரர் சுருள் கழுவுவதை விட்டு வருடக்கணக்காகிறது. நான் எடுத்த ஒரேயொரு சுருள், சீற்றுக்கடியில் வைத்த பையோடு இரவு பஸ்ஸில் கொழும்பு போய் வந்தது. மூன்று கிழமை.

ஆனால் அந்த ஒரு சுருள் எனக்குப் பொறுமை படிப்பித்தது. பாட்டில் எந்த இடத்தில் கிற்றார்காரர் முன்னுக்கு வருவார் என்று காத்திருந்து அமத்தினேன். 36 இல் ஒன்பது தேறியது. டிஜிற்றலில் அந்த விகிதம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

மங்கிய படங்களை எறியாதீர்கள் என்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 1979 செப்ரெம்பரில் நியூயோர்க் மேடையொன்றில் இங்கிலாந்து றொக் குழுவான கிளாஷின் போல் சிமொனன் தன் பேஸ் கிற்றாரை நிலத்தில் அடித்து உடைத்தார். படப்பிடிப்பாளர் பென்னி ஸ்மித் அதைப் படம் பிடித்தார். குவியம் சரியில்லை என்று அவர் அந்தப் படத்தைக் கொடுக்கவே விரும்பவில்லை. அந்த வருடக் கடைசியில் வந்த அவர்களின் இசைத்தட்டுக்கு அதுதான் அட்டை. றொக் இசையின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று.

வெறுங்கை

இதையும் ஒரு தெரிவாகத்தான் வைக்கிறேன். அமெரிக்காவில் றொக் பாடகர் ஜாக் வைற் 2018 சுற்றுப்பயணத்தில் இரசிகர்களின் போனைப் பூட்டிய பைக்குள் போடவைத்தார். அப்போது எனக்கு அது கொஞ்சம் திமிராகப் பட்டது.

பிறகு ஒரு மார்கழி இரவு, மழை தூறிக்கொண்டிருக்க, கமராவை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஜெனரேற்றர் இரண்டுதரம் நின்றது. இரண்டாம் தரம் நின்றபோது அவர்கள் நிறுத்தவில்லை. ட்ரம்ஸ்காரர் தனியாக அடிக்க, ஒலிபெருக்கி இல்லாமல் பாடகர் பாட, குடைக்குள் நின்ற நூறு பேரும் சேர்ந்து பாடினோம். என் அம்மாவின் தலைமுறை 1990களில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் பாட்டுக் கேட்டது. எங்களுக்கு அதில் ஒரு துளி கிடைத்ததுபோல. அந்த இரவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பாட்டுகளின் வரிசை மட்டும் இன்றைக்கும் மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

ஆனாலும் இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். 2022 இல் பேஸ் கிற்றார்காரர் வெளிநாடு போய்விட்டார். அவரின் அம்மா "மேடையில நிக்கிற மாதிரி ஒண்டு தா ராசா" என்று கேட்டபோது, என்னிடமிருந்த ஆயிரக்கணக்கான படங்களைத் தேடினேன். மகன் எப்போதும் பின்னால், இருட்டில். வெளிச்சம் விழுகிற பாடகரையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெறுங்கையோடு போனவனைவிட நான் இதில் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை.

கடையில் கிடைக்காத ஒன்று

பேஸ் கிற்றார்காரரின் அம்மாவுக்குக் கடைசியில் கிடைத்த படம் கச்சேரியில் எடுத்ததே இல்லை. பின்னேரம் நாலரைக்கு, சவுண்ட் செக் நடக்கும்போது, போனில் எடுத்தது. மேற்கு வெயில் பக்கவாட்டில் விழ, மகன் சாரத்தோடு நின்று கிற்றாருக்குச் சுருதி சேர்க்கிறார். காலடியில் பிளேன்ரீக் கிளாஸ்.

பின்னேர வெளிச்சத்தில் எஃப் 5.6 லென்சும் காணும், போனும் காணும். ஊர் நிகழ்ச்சிகளில் மேடை கட்டும்போதே போய் நின்றால் ஒருவரும் துரத்த மாட்டார்கள். வயர் இழுக்க ஒரு கை கொடுத்தால் தேத்தண்ணியும் தருவார்கள். பெரிய நிகழ்ச்சியில் இது நடக்காது.

அப்ப, ஆருக்கு எது

கம்பஸ் பிள்ளைக்கு: உனக்குப் போன் காணும். உன்னுடைய ரிக்கெற் பின்வரிசை, வாசலில் கமரா விட மாட்டார்கள். இரண்டு பாட்டுக்குப் பிறகு பொக்கற்றில் போடு.

மச்சானுக்கு: புதுக் கமரா வாங்காதே. பழைய உடலும் ஐம்பது லென்சும் வாங்கு, மிச்சக் காசைத் தமையனுக்குத் தெரியாமல் வைத்திரு. ஆனால் ஒரு வருடத்தில் நாலு மேடைக்காவது போகாவிட்டால் அதையும் வாங்காதே.

மகனுக்குக் கமரா தேவையோ என்று கேட்ட அம்மாவுக்கு நேரிலேயே போய்ச் சொன்னேன்: இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், என்னுடைய கமராவை இரவலாகத் தருகிறேன், மகன் மூன்று நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகட்டும். அதன் பிறகும் ஒற்றைக்காலில் நின்றால் யோசிப்போம். மகனிடம் சோற்றுப் பெட்டியோடுதான் கொடுத்தேன். சிலிக்கா பொட்டலங்களை எண்ணியும் கொடுத்தேன், ஏழு.